உபத்திரவம்தான் சீனச் சபையை வளர்த்ததா?

பிப்ரவரி 3, காலை (இழையைத் தொடங்கிய வாசகர்)

கடந்த ஞாயிறு எங்கள் சபைப் பிரசங்கத்தில், 1950களில் மிஷனரிகள் எல்லாரும் சீனாவை விட்டுத் துரத்தப்பட்டார்கள், பிறகு ஆலயங்கள் பூட்டப்பட்டன, ஆனாலும் சில லட்சமாக இருந்த விசுவாசிகள் கோடிக்கணக்கில் பெருகினார்கள், ஆகையால் நம் சபையும் வளர வேண்டுமானால் நமக்கும் உபத்திரவம் வர வேண்டும் என்று போதகர் சொன்னார். பலர் ஆமென் என்றார்கள். எனக்கு நெருடலாக இருந்தது. சீனச் சபையின் வரலாற்றைப் படித்தவர்கள் இதில் எவ்வளவு உண்மை என்று எழுதுங்கள்.

பிப்ரவரி 3, இரவு (என் பதில்; இனி வரும் குறிப்புகளும் என்னுடையவை)

எண்ணிக்கையில் உங்கள் போதகர் தவறவில்லை. 1949இல் சீனாவில் இருந்த புராட்டஸ்டன்டுகள் அதிகபட்சமாகப் பத்து லட்சம் பேர். கத்தோலிக்கர் சுமார் 30 லட்சம். 2018இல் சீன அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை புராட்டஸ்டன்டுகளை 3 கோடியே 80 லட்சம் என்றும் கத்தோலிக்கரை 60 லட்சம் என்றும் சொல்கிறது. பிரசங்க மேடைகளில் முதல் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இரு சாராரும் ஒரே அரசின் கீழ்ச் சிறை கண்டவர்கள். இரு சாராரின் ஆலயங்களும் பூட்டப்பட்டன. ஒரு சாரார் முப்பத்தெட்டு மடங்கு பெருகினார்கள், மற்றவர் இரண்டு மடங்கு. அதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை 54 கோடியிலிருந்து 140 கோடியாக உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கத்தோலிக்கரின் விகிதம் உண்மையில் குறைந்திருக்கிறது. உபத்திரவம் வளர்ப்பதானால் அது ஏன் ஆள் பார்த்து வளர்த்தது?

இன்னும் பின்னால் போனால் இந்த வாதம் மேலும் ஆட்டம் காணும். அலோபென் என்ற, சிரியாக் மொழியில் வழிபடும் கிழக்குத் திருச்சபையின் துறவி 635இல் சாங்ஆன் நகரை அடைந்தார். பேரரசர் அவரை வரவேற்று மடம் கட்டவும் அனுமதித்தார். அந்தச் சபையின் வரலாற்றைப் பொறித்த 781ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் ஷியான் நகரில் நிற்கிறது. 845இல் பேரரசர் வூட்சோங், முதன்மையாகப் பௌத்த மடங்களைக் குறிவைத்துப் பிறப்பித்த ஆணையில் இவர்களும் அடிபட்டார்கள்; துறவிகள் உடுப்பைக் களைந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சீனா சென்று திரும்பிய ஒரு துறவி, அங்கே கிறிஸ்தவர்களே இல்லை என்று பாக்தாதில் தெரிவித்தார். இரத்தசாட்சிகளின் இரத்தம் சபையின் வித்து என்று மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இருநூறு ஆண்டு வரலாற்றை எங்கே வைப்பார்கள்?

பிப்ரவரி 6

மிஷனரிகள் போன பிறகு சபை வளர்ந்தது என்று சொல்லும்போது, அவர்கள் இருந்தவரை எல்லா வேலையையும் அவர்களே பார்த்தார்கள் என்று பேசாமலே ஒப்புக்கொள்கிறோம். நடந்தது அப்படியில்லை.

மிஷனரி ராபர்ட் மாரிசன் 1807இல் கான்டனுக்கு (இன்றைய குவாங்சோ) வந்தார். அவருக்கு அச்சுப் பலகைகள் செதுக்கித் தந்த தொழிலாளி லியாங் ஃபா, பிறகு இன்னொரு மிஷனரியான வில்லியம் மில்ன் உடன் மலாக்காவுக்கு வந்து 1816இல் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பித் தாமே எழுதிய துண்டுநூலை அச்சிட முயன்றதற்காக 1819இல் கைது செய்யப்பட்டு மூங்கில் தடியால் அடிக்கப்பட்டார். பிற்காலத்தில் அரசுத் தேர்வு எழுத வரும் மாணவர்களுக்குத் தம் நூல்களைக் கொடுப்பது அவருடைய வழக்கமாயிற்று. அவற்றில் ஒன்றைப் படித்த ஹோங் ஷியூசுவான் தன்னை இயேசுவின் தம்பி என்று அறிவித்துக்கொண்டு தைப்பிங் கிளர்ச்சியைத் தொடங்கியது வேறு கதை. அதற்கு லியாங் ஃபாவைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் சங். 1901இல் ஃபூஜியான் மாகாணத்தில் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1926இல் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க்கில் இறையியல் படிக்கப்போன இடத்தில், மறுபிறப்பு அனுபவம் பெற்றதாகச் சொல்லி இரவு பகலாகப் பாடியும் ஜெபித்தும் வந்தவரை, நிர்வாகத்தினர் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்து, வேதாகமத்தை நாற்பது முறை வாசித்து முடித்துவிட்டு வெளியே வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சீனா முழுவதும், அதோடு தாய்வான், பிலிப்பைன்ஸ், மலாயா, சிங்கப்பூர், சயாம், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் என்று ஓயாமல் பிரசங்கித்தார்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சீனப் பாட்டி, சிறுமியாகச் சிங்கப்பூரில் அவருடைய கூட்டத்துக்குப் போனவர். பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்பது பாட்டிக்கு நினைவில்லை. அவர் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவியதும், மொழிபெயர்ப்பாளரும் கூடவே தாவியதும், வெள்ளை நீள அங்கியின் முதுகுப்பக்கம் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்ததும் நினைவில் இருந்தன. கூட்டம் முடிந்ததும் அவருடைய தாயார் வீட்டு வாசலுக்குப் போய், அதுவரை பேசாமல் இருந்த எதிர்வீட்டுக்காரியிடம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாராம்.

ஜான் சங் ஊரை விட்டுப் போகும்போது, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாரந்தோறும் நற்செய்தி சொல்லப் புறப்படும் சிறு அணிகளை விட்டுச் செல்வார். 1935இல் சிங்கப்பூரில் அப்படித் தொடங்கிய அணிகளுக்குத் தலைமை ஏற்ற லியோனா வூ என்ற பெண்மணி 1937இல் சின் லியன் வேதாகமக் கல்லூரியை நிறுவினார். கூட்டத்துக்கு வந்தவர்களை விட இந்த அணிகள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜான் சங் ஊர் திரும்பும் கப்பலில் தம் பட்டங்களையும் பதக்கங்களையும் கடலில் எறிந்தது உண்மையா? எறிந்தார். ஆனால் டாக்டர் பட்டச் சான்றிதழை மட்டும் அப்பாவுக்காக வைத்துக்கொண்டார். தமிழ் வீட்டில் பிறந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

பிப்ரவரி 11

சீன அரசு அங்கீகரித்த புராட்டஸ்டன்ட் சபைகளின் அமைப்பான மூன்று சுய இயக்கம் கம்யூனிஸ்டு அரசின் கண்டுபிடிப்பு என்று இழையில் எழுதியிருக்கும் சகோதரருக்கு: இயக்கம் அரசினுடையதுதான், கொள்கை அதனுடையதல்ல. தன்னாட்சி, தன்னிறைவு, தானே நற்செய்தி பரப்புதல் என்ற மூன்றையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வகுத்தவர்கள் இருவர். ஒருவர் இங்கிலாந்தில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென். மற்றவர் அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி சங்கத்தின் ரூஃபஸ் ஆண்டர்சன். வென் தம் கொள்கைக்குச் செயல்வடிவம் தேடிய களங்களுள் திருநெல்வேலியும் ஒன்று. ஆண்டர்சனின் சங்கம் நடத்திய மிஷன்களுள் யாழ்ப்பாணமும் மதுரையும் அடங்கும். ஆகவே இந்தக் கொள்கைக்கு நாமும் தூரத்து உறவுக்காரர்கள்தான்.

சீனர்கள் அதை 1950க்கு முன்பே கையில் எடுத்துக்கொண்டார்கள். 1906இல் யூ குவோசென் என்ற போதகர் ஷாங்காயில் வெளிநாட்டுப் பணம் வாங்காத தன்னாட்சிச் சபையைத் தொடங்கினார். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், நம் வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளையரிடம் நட்பைக் கேட்டுப் பேசிய அதே மாநாட்டில், செங் ஜிங்யி என்ற இளைஞர், சீனர்களுக்கு மேலைநாட்டுச் சபைப் பிரிவுகளில் அக்கறை இல்லை, பிரிவுகள் இல்லாத ஒரே சபைதான் வேண்டும் என்று சில நிமிடங்களில் சொல்லி முடித்தார். 1917இல் மெய்யான இயேசு சபை, 1920களில் ஷான்டோங் கிராமங்களில் நிலத்தையும் அடுப்பையும் பொதுவில் வைத்து வாழ்ந்த இயேசு குடும்பம், வாட்ச்மேன் நீயின் சபைகள் என்று அடுத்தடுத்து வந்தவற்றில் வெளிநாட்டுத் தலைமை கிடையாது.

கொரியப் போர்க்காலத்தில், 1950இல், சீனக் கிறிஸ்தவத் தலைவர் வூ யாவ்சோங் புதிய அரசை ஆதரித்து அறிக்கை வெளியிட்டுக் கையெழுத்துகள் திரட்டியபோது அரசு பழைய பெயரை எடுத்துப் புதிய வேலைக்கு அமர்த்தியது. தன்னாட்சி என்ற பெயரில் சபை அரசுக்கு உட்பட்டது. இந்த இயக்கத்தில் இருந்த எல்லாரையும் துரோகிகள் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பதிவு செய்யப்பட்ட ஆலயங்களில் உண்மையான விசுவாசத்தோடு போதிப்பவர்கள் ஏராளம். ஆனால் தலைமையின் வரலாறு அப்படித் தூய்மையாக இல்லை.

பிப்ரவரி 12

விட்டுப்போன ஒரு செய்தி, தாம்பரம்காரர்களுக்காக. 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷனரி மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் படையெடுத்ததால் தாம்பரத்துக்கு மாறியது. போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டிலிருந்து சீனர்கள் பெரும் குழுவாக வந்து சேர்ந்தார்கள்.

பிப்ரவரி 19

முதல் குறிப்பில் சொல்லாமல் விட்ட முக்கியமான ஒன்று: வளர்ச்சி எப்போது நடந்தது? கலாசாரப் புரட்சி தொடங்கிய 1966 முதல் பல ஆண்டுகள் ஏறத்தாழ எந்த ஆலயமும் வெளிப்படையாக இயங்கவில்லை. அந்த ஆண்டுகளில் வீடுகளில், நள்ளிரவில், விளக்கைத் தணித்துக்கொண்டு சபைகள் உயிரோடு இருந்தன. ஹெனான், ஃபூஜியான், ஜெஜியாங் மாகாணங்களில் மெல்லப் பரவவும் செய்தன. ஆனால் லட்சங்கள் கோடியானது 1979க்குப் பிறகு. நிங்போவில் முதல் ஆலயம் மீண்டும் திறந்தது, கூட்டுப்பண்ணைகள் கலைந்தன, மக்கள் ஊர் விட்டு ஊர் பயணம் செய்ய முடிந்தது, சிறையிலிருந்து முதிய போதகர்கள் திரும்பி வந்தார்கள். கெடுபிடி தளர்ந்தபோதுதான் வெள்ளம் வந்தது. உபத்திரவ காலத்தில் விதை காப்பாற்றப்பட்டது என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன்; உபத்திரவமே உரம் என்றால் ஏற்க முடியாது.

அதன் விலையையும் சொல்ல வேண்டும். ஒரு தலைமுறைக்கு வேதாகமம் இல்லை. கையால் எழுதிப் பிரதி எடுத்தார்கள். ஒருவரிடம் யோவான் சுவிசேஷம் இருந்தால் இன்னொருவரிடம் சங்கீதங்கள் மட்டும் இருக்கும். 1981 ஜூனில் ஓர் இரவு, மிதவைப் படகில் பத்து லட்சம் வேதாகமங்களை ஷான்டோ அருகே கடற்கரையில் இறக்கியதெல்லாம் இந்தப் பஞ்சத்தால்தான். 1987இல் நான்ஜிங்கில் அமிட்டி அச்சகம் தொடங்கி, 2019க்குள் இருபது கோடி வேதாகமங்களை அச்சிட்டது. அவற்றில் பெரும் பகுதி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. உள்நாட்டில் புத்தகக் கடையில் வாங்க முடியாது, சபையில்தான் வாங்க வேண்டும். 2018இல் இணையவழி விற்பனையும் நின்றது.

போதகர்கள் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் போதிக்கலாம் என்றாயிற்று. கிறிஸ்து ஒரு சீனப் பெண்ணாக மீண்டும் பிறந்திருக்கிறார் என்று சொல்லும் கிழக்கத்திய மின்னல் குழு ஹெனானில்தான் வேரூன்றியது. 2002இல் அவர்கள் அரசிடம் பதிவு செய்யாமல் வீடுகளில் கூடும் வேறொரு வீட்டுச்சபை வலையமைப்பின் தலைவர்கள் 34 பேரைப் பயிற்சி வகுப்பு என்று அழைத்துக் கடத்தி வைத்தார்கள். இதுவும் உபத்திரவத்தின் விளைச்சல்தான். இதற்கு யாரும் ஆமென் சொல்வதில்லை.

பிப்ரவரி 21

"அப்படியானால் வாங் மிங்தாவ், வாட்ச்மேன் நீ பட்ட பாடெல்லாம் வீணா?" என்று ஓர் அக்கா கோபமாகக் கேட்டிருக்கிறார். வீண் என்று நான் எங்கும் எழுதவில்லை, அக்கா. அவர்களை மனிதர்களாகப் பார்க்க விரும்புகிறேன், அவ்வளவுதான்.

பெய்ஜிங்கில் யாருடைய உதவியும் இல்லாமல் சபை நடத்திய வாங் மிங்தாவ், ஜப்பானியர் ஆட்சியிலும் அரசுச் சபை அமைப்பில் சேர மறுத்தவர். 1955இல் கைதானார். சிறையில் உடைந்துபோய், அவர்கள் எழுதித் தந்ததை ஒப்புக்கொண்டு 1956இல் வெளியே வந்தார். பிறகு அதை மறுதலித்து, மனைவியோடு மீண்டும் சிறைக்குப் போய், ஆயுள் தண்டனை பெற்று, 1980இல்தான் விடுதலையானார். பிரசங்கங்களில் அந்த ஓராண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஓராண்டுதான் அவரை நெருக்கமாக்குகிறது.

வாட்ச்மேன் நீயின் நூல்கள் தமிழ்க் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவர் ஷாங்காயில் தம் சகோதரரோடு மருந்துத் தொழிற்சாலை நடத்தினார் என்பதும், அதனால் சொந்தச் சபை மூப்பர்களே சில ஆண்டுகள் அவரைப் பிரசங்கிக்க விடவில்லை என்பதும் அவற்றை வாசிக்கும் பலருக்குத் தெரியாது. 1952இல் கைதாகி, 1972இல் ஆன்ஹுய் மாகாணத்து உழைப்பு முகாமில் இறந்தார். அவருடைய மனைவி அதற்கு முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார்.

பிப்ரவரி 28

கடல் கடந்த சீனர்கள் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சித்தியவான் ஊரில் வளர்ந்தவன்.

அந்த ஊர் ஒருவகையில் மெதடிஸ்ட் சபை உண்டாக்கிய ஊர். 1901இல் வோங் நாய் சியோங் என்ற கிறிஸ்தவ அறிஞர், சரவாக்கின் ராஜாவோடு ஒப்பந்தம் செய்து ஃபூஜியான் மாகாணத்து ஃபூச்சௌ மக்களை அங்குள்ள சிபுவில் குடியேற்றினார். குடியேற்றத்தில் அபினியும் சூதாட்டமும் கூடாது என்று பிடிவாதமாக இருந்து, கடைசியில் கடனோடு ஊர் திரும்பினார். அதே வழியில் 1903 செப்டம்பரில் மிஷனரி லூரிங்கும் போதகர் லிங் சிங் மீயும் 360க்கும் மேற்பட்டவர்களைச் சித்தியவானுக்கு அழைத்து வந்தார்கள். நெல் பயிரிடத்தான் வந்தார்கள், ரப்பர் போட்டுத்தான் பிழைத்தார்கள். இன்றைக்கும் அங்கே ஃபூச்சௌ கடைகளில் கொம்பியாங் என்ற ரொட்டியைச் சூளை போன்ற மண் அடுப்பின் உட்சுவரில் கையால் அறைந்து ஒட்டிச் சுடுகிறார்கள். வெங்காயம் வைத்ததைச் சூடாகச் சாப்பிட வேண்டும்.

எங்கள் தமிழ் ஆராதனை அவர்களுடைய ஆராதனைக்குப் பிறகு, அதே கட்டடத்தில். அவர்கள் வெளியே வரும்வரை வாசலில் நிற்போம். பெஞ்சுகளில் கிடக்கும் சீனப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி ஓரமாக வைப்பது சிறுவர்களான எங்கள் வேலை. மெதடிஸ்ட் சபைக்கே இந்த நாட்டில் வழி இந்தியாவிலிருந்துதான் வந்தது: பெங்களூரில் பிறந்த மிஷனரி ஓல்டம், 1885இல் மற்றொரு மிஷனரியான தோபர்னோடு சிங்கப்பூரில் வந்திறங்கினார். சீனர் மாநாடு, தமிழர் மாநாடு, ஆங்கில மாநாடு என்று பின்னர் நிர்வாகம் தனித்தனியாயிற்று. ஒரே கூரையின் கீழ் இத்தனை ஆண்டுகள் இருந்தும், கிறிஸ்துமஸ் கூட்டு ஆராதனையைத் தவிர்த்து, நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அபூர்வம். கடல் கடந்த சீனச் சபைகளின் மிஷன் ஆர்வம் பெரும்பாலும் சீனரைத் தேடியே போகிறது என்ற குறையை அவர்களுடைய போதகர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்கள் மட்டும் தமிழரை விட்டு வேறு யாரைத் தேடிப் போனோம் என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை.

வென்சோ நகரத்தாரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனாவின் எருசலேம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. அங்கே சிறுதொழில் முதலாளிகளே மூப்பர்கள், சபையைத் தொழிற்சாலை போலத் திட்டமிட்டு நடத்துகிறார்கள் என்ற கேலியும் உண்டு. தோல், துணி வியாபாரத்துக்குப் பாரிஸ், இத்தாலியின் பிராட்டோ என்று போன இடமெல்லாம் சபை வைத்தார்கள். அதே வென்சோவில் 2014 ஏப்ரலில் சான்ஜியாங் ஆலயத்தை அரசு இடித்தது; அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜெஜியாங் மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலுவைகள் கோபுரங்களிலிருந்து இறக்கப்பட்டன. அவற்றில் பல, பதிவு செய்யப்பட்ட ஆலயங்கள்.

மார்ச் 6

எருசலேமுக்குத் திரும்புதல் என்ற இயக்கத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1940களில் ஷான்சி மாகாணத்து வடமேற்கு வேதாகமப் பள்ளியில் பிறந்த தரிசனம் அது: நற்செய்தி எருசலேமிலிருந்து மேற்கே சுற்றிச் சீனாவுக்கு வந்தது, இனி சீனர் அதை ஷின்ஜியாங் வழியாக முஸ்லிம் நாடுகளைக் கடந்து எருசலேமுக்கே கொண்டுபோக வேண்டும். நடந்தே மேற்கே புறப்பட்டார்கள். 1950க்குப் பிறகு எல்லையில் வழி அடைபட்டது. சைமன் ஷாவ் என்பவர் காஷ்கரில் சுமார் முப்பது ஆண்டுகள் சிறையிலும் முகாமிலும் இருந்தார். உபத்திரவம் இந்த வேலையை வளர்க்கவில்லை. அது நின்றே போயிற்று.

2000க்குப் பிறகு, ஒரு லட்சம் மிஷனரிகளை அனுப்பப் போகிறோம் என்று இதே பெயரில் மேலைநாடுகளில் பணம் திரட்டியவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 2017இல் பாகிஸ்தானின் குவெட்டாவில் இருபதுகளில் இருந்த இரண்டு சீன இளைஞர்கள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். வியாபார விசாவில் வந்து, உருது படிப்பதாகச் சொல்லி ஊழியம் செய்தார்கள் என்று பாகிஸ்தான் அரசு சொன்னது. அவர்களுடைய அர்ப்பணிப்பை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களுக்கு எவ்வளவு மொழிப் பயிற்சியும் பாதுகாப்பும் கொடுத்து அனுப்பினார்கள் என்பதே கேள்வி.

மார்ச் 9

தற்போதைய நிலை, சுருக்கமாக. 2018 பிப்ரவரியில் புதிய மத விதிமுறைகள் அமலுக்கு வந்தன. அந்த ஆண்டே பெய்ஜிங்கின் சீயோன் சபை மூடப்பட்டது. டிசம்பரில் செங்டூவின் முன்மாரி உடன்படிக்கைச் சபை சோதனையிடப்பட்டு, அதன் போதகர் வாங் யீக்கு 2019 இறுதியில் ஒன்பது ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஷென்ஜென்னைச் சேர்ந்த ஒரு சிறு சபை குழந்தை குட்டிகளோடு கொரியாவின் ஜெஜு தீவுக்கும், அங்கிருந்து தாய்லாந்துக்கும், 2023இல் டெக்சாசுக்கும் போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே வளர்ச்சி? சீனாவின் தேசிய அளவிலான சமூக ஆய்வுகள் பெரியவர்களில் சுமார் இரண்டு விழுக்காட்டினரே தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னதாகவும், 2010க்கும் 2018க்கும் இடையே அந்த அளவு கூடவில்லை என்றும் காட்டுகின்றன. வெள்ளை அறிக்கையின் கணக்கை விட இது குறைவு. அஞ்சி மறைத்தவர்களும் இருப்பார்கள். ஆனாலும் கெடுபிடி இறுகிய ஆண்டுகளில் பெருக்கம் தெரியவில்லை.

மார்ச் 15

தொடங்கிய வாசகர் இப்போது போதகரிடம் என்ன சொல்வது என்று கேட்கிறார். பிரசங்க மேடையை எதிர்த்து வாதாட வேண்டாம். டோரா யூ என்ற பெண்மணியின் கதையைச் சொல்லுங்கள். மருத்துவம் படித்தவர், 1897இல் ஊழியத்துக்காகக் கொரியாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் பணிசெய்து திரும்பினார். எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் சீனாவில் ஊர் ஊராக எழுப்புதல் கூட்டங்கள் நடத்தினார். 1920இல் ஃபூச்சௌவில் அவர் நடத்திய கூட்டத்துக்கு ஒரு தாயார் போய்வந்து, தான் முன்பு அநியாயமாக அடித்த மகனிடம் வீட்டில் எல்லாருக்கும் முன்பாக மன்னிப்புக் கேட்டார். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது அந்தக் குடும்பங்களில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது. அப்படி என்னதான் அங்கே பேசுகிறார்கள் என்று அடுத்த கூட்டத்துக்குப் போன அந்தப் பள்ளி மாணவன்தான் வாட்ச்மேன் நீ. அந்தக் கூட்டத்தை யாரும் தடைசெய்யவில்லை. டோரா யூவை யாரும் சிறையில் அடைக்கவும் இல்லை.